மூன்றுக்கு மூன்று

நான் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் வெல்டிங். நெப்ராஸ்கா மாநிலத்தின் டோப்ரவா உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது பீரியட் வெல்டிங் வகுப்பு நிரம்பிவிட்டது. அந்த நேரத்தில் இடம் இருந்தது இரண்டே வகுப்புகளில்தான். ஒன்று பாட்டுக்குழு. நான் பாடினால் எங்கள் வீட்டு நாயே எழுந்து வெளியே போய்விடும். இன்னொன்று, அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் என்ற ஏ.பி. வகுப்பு. கல்லூரித் தரத்துப் பாடம். மே மாதம் நாடு முழுக்க ஒரே நாளில் பரீட்சை. ஐந்துக்கு மதிப்பெண். மூன்று வாங்கினாலே பல கல்லூரிகள் ஒப்புக்கொள்ளும்.

"டேரன், இது உனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்றார் ஆலோசகர்.

"பாடறதை விடவா?" என்றேன்.

மொத்தம் ஏழு பேர். பாடம் எடுத்தவர் மிஸ் ருஸ்காம்ப். வயது இருபத்தாறு, பெண்கள் கைப்பந்து அணியின் பயிற்சியாளர். இந்தப் பாடத்தை அவர் எடுப்பது அதுதான் முதல் தடவை. முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். "நான் உங்களைவிட ஒரு அத்தியாயம் முன்னால இருக்கேன், அவ்வளவுதான். யாராவது வேகமாப் படிச்சு என்னைத் தாண்டிட்டீங்கன்னா சொல்லிடுங்க, நான் உட்கார்ந்து கேட்டுக்கிறேன்."

தாண்டியவள் டெஸா வொபலென்ஸ்கி. இரண்டாவது வாரமே தாண்டினாள்.

டெஸாவை எனக்கு மழலையர் பள்ளியிலிருந்தே தெரியும். எங்கள் பண்ணைக்கு அடுத்த மைலில் அவர்கள் பண்ணை. பன்றி வளர்ப்பு. அவளோடு சண்டை போடாத ஆசிரியரே டோப்ரவாவில் கிடையாது. ஆறாம் வகுப்பில் கூடைப்பந்து நடுவரிடம் விதிப்புத்தகத்தைக் காட்டி வாதாடி, நாங்கள் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்க வைத்தாள். விதி அப்படித்தான் சொல்லுகிறதாம்! எதிரணிக்குச் சேரவேண்டிய இரண்டு புள்ளியை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காரவில்லை.

"நீ செத்தாக்கூட உன் கல்லறையில 'ஆட்சேபிக்கிறேன்'னுதான் செதுக்குவாங்க" என்று நான் சொல்வதுண்டு.

"எழுத்துப்பிழை இல்லாம செதுக்கச் சொல்லு" என்பாள்.

அந்த வகுப்பில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்தபோது யாரும் பெருமூச்சு விடவில்லை. மிஸ் ருஸ்காம்ப் அவளைப் பார்த்து, "இன்னும் சொல்லு" என்றார். டெஸாவே ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். பிறகு இன்னும் சொன்னாள். மணி அடித்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைய பாடம், பக்கத்து மாநிலமான அயோவாவில் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளின் வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போய் அவர்கள் ஜெயித்தார்கள். நம்மைப் போலவே மக்காச்சோளத்தின் நடுவே வளர்ந்த பிள்ளைகள் என்று அவள் சொன்னாள். அவர்கள் நகரத்துப் பிள்ளைகள் என்று யெசேனியா திருத்தினாள்.

யெசேனியா எங்கள் வகுப்பின் இன்னொரு தூண். டெஸா பேசுவாள் என்றால் இவள் எழுதுவாள். ஒவ்வொரு வழக்குக்கும், ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சிறு அட்டை. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் தீர்ப்போ விவரமோ. இருநூறு அட்டைகளுக்கு மேல் ஒரு காலணிப் பெட்டியில் வைத்திருந்தாள். அவள் அப்பா அம்மா இருவருக்கும் பக்கத்து ஊர் இறைச்சி ஆலையில் வேலை. குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள்.

அக்டோபரில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு பொதுக்கூட்டத்துக்குப் போய், பார்த்ததைப் பார்த்தபடி இரண்டு பக்கம் எழுத வேண்டும். டெஸா பள்ளி வாரியக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவளிடம் அன்று வண்டி இல்லாததால் நானும் போனேன்.

வாரியத்தில் ஆறு பேர். தலைவர் டுவேன் ஸ்டோக்கெல். விதை வியாபாரி, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், ஊரில் யார் வீட்டுக் கொட்டகை எரிந்தாலும் முதலில் போய் நிற்கிறவர். டெஸாவின் அம்மாவுக்கு அண்ணன். அவளுக்கு மாமா.

நாங்கள் போனபோது ஆறு பேரும் நடைபாதையில் காபிக் கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சத்தமாகவே கேட்டது. பேருந்து வழித்தடத்தை மாற்றுவதா, புதிய முதல்வரை எப்போது நேர்காணல் செய்வது, எல்லாம் அங்கேயே முடிந்தது. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, ஒன்பது தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டு எழுந்தார்கள். டெஸா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

அவள் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு 'பதினோரு நிமிடம்'. வகுப்பிலேயே சிறந்த கட்டுரை ஊர் வாரப் பத்திரிகையில் வரும் என்று மிஸ் ருஸ்காம்ப் முன்பே சொல்லியிருந்தார். வந்தது. அதில் வசவு ஒன்றும் இல்லை. நடைபாதையில் எவ்வளவு நேரம், மேசையில் எவ்வளவு நேரம், எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை வினாடி என்று மட்டும் இருந்தது. அதுதான் எரிச்சலைக் கிளப்பிவிட்டது. காபிக்கடையில் ஒரு வாரம் முழுக்க ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டுவேனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வொபலென்ஸ்கி வீட்டு மதியச் சாப்பாட்டில் இருந்தேன். பன்றி வறுவல், மாவுருண்டை, புளித்த முட்டைக்கோஸ். டெஸாவின் அம்மா எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார். டுவேன் மாமா என் எதிரில்.

"உப்பை இப்படித் தள்ளும்மா டெஸா. எத்தனை வினாடி ஆகுதுன்னு எண்ணிக்கோ."

யாரோ சிரித்தார்கள். டெஸா உப்பைத் தள்ளினாள். "ரெண்டு."

"நடைபாதையில நின்னு காபி குடிச்சா குத்தமா?"

"காபி குடிச்சா குத்தமில்ல மாமா. பேருந்துத் தடத்தை முடிவு பண்ணினா குத்தம்."

"நாங்க யாரும் இதுக்குச் சம்பளம் வாங்கலை. தெரியும்ல? பத்து வருஷமா என் திங்கட்கிழமையைக் கொடுக்கிறேன்."

"அது தெரியும். அதையும் எழுதியிருக்கேன், மூணாவது பத்தி."

"டெஸா, போதும்" என்றார் அம்மா. "சாப்பாட்டு மேசையில உன் மாமாகிட்ட இப்படியா பேசுவே?"

டுவேன் கசகசா வைத்த கொலாச் என்ற இனிப்பு ரொட்டியை எடுத்துக் கடித்தார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் போலத் தெரியவில்லை. அடிபட்டவர் போலத்தான் இருந்தார். அதனால்தான் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நவம்பர் கூட்டத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. அதன் நிகழ்ச்சி நிரல் கடைசி வரியில் 'இதர அட்டவணை விஷயங்கள்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து யார் என்ன நினைப்பார்கள்? மறுநாள் காலை ஒலிபெருக்கியில், கைப்பந்துப் பயிற்சி நேர மாற்றத்துக்கும் மதிய உணவில் மிளகாய்க் கறி என்ற அறிவிப்புக்கும் நடுவே ஒரு வரி வந்தது. போதிய மாணவர் இல்லாததால் ஏ.பி. அரசாங்க வகுப்பு டிசம்பரோடு நிறுத்தப்படும். ஜனவரியிலிருந்து அந்த ஏழு பேரும் ஆறாவது பீரியடில் பாடம் எதுவும் நடக்காத படிப்புக் கூடத்தில் உட்காரலாம். ஆறுக்குப் பூஜ்யம் என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது.

பாதிப் பாடம் பாக்கி. பரீட்சை மே மாதம்.

ஆறாவது பீரியடில் மிஸ் ருஸ்காம்ப் உள்ளே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "இதைப் பத்தி உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பேசமாட்டேன். எனக்கு இது வேலை. புத்தகத்தைத் திறங்க, நூத்தி அறுபத்தெட்டாம் பக்கம்."

திறந்தோம். அவர் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் பாடத்தை முடித்தார்.

என்னைக் கேட்டால் நான் அத்தோடு விட்டிருப்பேன். சொல்லப்போனால், படிப்புக் கூடம் என்றால் தூங்கலாம். அதைத்தான் வண்டி நிறுத்துமிடத்தில் டெஸாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஏன்டா டேரன், போன வாரம் உன் பரீட்சைத் தாள்ல என்ன வாங்கினே?"

"எண்பத்தொண்ணு."

"உன் வாழ்க்கையிலேயே எதுலயாவது எண்பது தாண்டியிருக்கியா?"

எடை தூக்குவதில் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உண்மையில் அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வீட்டில் காட்டி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, பிறகு வெட்கமாகி எடுத்து வைத்திருந்தேன்.

"என்னதான் பண்ணச் சொல்றே?" என்றேன்.

"படிக்கச் சொல்றேன்."

மறுநாள் மதிய இடைவேளையில் யெசேனியாவையும் சேர்த்து மூன்று பேரும் நூலகக் கணினி முன்னால் உட்கார்ந்தோம். நெப்ராஸ்காவின் பொதுக்கூட்டச் சட்டம். டெஸா வாய்விட்டுப் படிக்க, யெசேனியா குறிப்பெடுக்க, நான் ஒரு பை உருளைக்கிழங்கு வறுவலைத் தீர்த்தேன். மூன்றாவது நாள் யெசேனியா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரு. நிகழ்ச்சி நிரல்ல ஒவ்வொரு விஷயமும் என்னன்னு ஜனங்களுக்குப் புரியற அளவுக்கு எழுதியிருக்கணும். கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னாடிக்குள்ள. 'இதர அட்டவணை விஷயங்கள்'னு பார்த்தா ஒரு வகுப்பை மூடப் போறாங்கன்னு யாருக்காவது புரியுமா?"

"எனக்குப் புரியலை" என்றேன்.

"உனக்குப் புரியலைன்னா அது ஆதாரம் இல்ல" என்றாள் டெஸா. ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "யாருக்குமே புரியலைங்கிறதுதான் ஆதாரம்."

கடிதம் ஒரே பக்கம். கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. டெஸா போட்டிருந்த மூன்று ஆச்சரியக்குறிகளையும் யெசேனியா அடித்துவிட்டாள். நிரலில் சொல்லாமல் எடுத்த தீர்மானம் சட்டப்படி நிற்காது. வாரியம் தானே அதைச் சரிசெய்யாவிட்டால் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதுவோம். பத்து நாள் அவகாசம். கீழே ஏழு கையெழுத்து. என்னுடையதுதான் பெரிதாக இருந்தது.

அன்று மாலை டெஸாவின் அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "டேரன், நீயாவது அவகிட்டச் சொல்லேன். நன்றி நாள் விருந்துக்கு எங்க அண்ணன் வரமாட்டேன்னு சொல்லிட்டான். நாப்பது வருஷத்துல அவன் இல்லாம நான் வான்கோழி அறுத்ததில்ல."

நான் சொன்னேன். டெஸா வண்டியின் கண்ணாடியில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு மாமாவைப் பிடிக்கும்டா. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தவரே அவர்தான். அவர் பண்ணினது தப்பு. ரெண்டும் உண்மையா இருக்கக்கூடாதா?"

எட்டாவது நாள் பதில் வந்தது. பள்ளி வழக்கறிஞரின் கடிதத் தலைப்பில், இரண்டே பத்தி. நவம்பர் தீர்மானத்தை வாரியம் செல்லாததாகக் கருதுகிறது. டிசம்பர் கூட்டத்தில் விஷயம் மறுபடி எடுத்துக்கொள்ளப்படும்.

ஆறாவது பீரியடில் அதைப் படித்தோம். நாங்கள் ஏழு பேர் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வேதியியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மிஸ் ருஸ்காம்ப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பேசக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள், சிரிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் டெஸா அடங்கவில்லை. கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் பள்ளி அலுவலகத்துக்குப் போய் நிகழ்ச்சி நிரலின் வரைவைக் கேட்டு வாங்கினாள். வாரியத்தின் செயலாளர் லவோன், நாற்பது வருடமாக அந்த மேசையில் இருப்பவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இப்போ என்னம்மா?"

"இதுல 'வகுப்பை மீண்டும் தொடங்குவது குறித்து'ன்னு இருக்கு. நவம்பர் தீர்மானம் செல்லாதுன்னு ஆகிட்டா வகுப்பு நின்னுபோகவே இல்லையே. நிக்காத ஒண்ணை எப்படி மீண்டும் தொடங்கறது? 'வகுப்பை நிறுத்துவது குறித்து'ன்னு இருக்கணும்."

லவோன் வழக்கறிஞரின் கடிதத்தை எடுத்து ஒரு தடவை படித்தார். "சரியாத்தான் சொல்றே" என்று சொல்லிவிட்டு, அழித்து மாற்றினார். டுவேனும் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியதாகப் பிறகு தெரிந்தது.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்குப் போய் ஒரு பயணமா?"

"ஆறு பேர்டா வாரியத்துல. மூணுக்கு மூணு வந்தா என்ன ஆகும்?"

"சமம்."

"சமம்னா தீர்மானம் தோத்துடும். 'மீண்டும் தொடங்கலாமா'ன்னு கேட்டு மூணுக்கு மூணுன்னா, நாம காலி. 'நிறுத்தலாமா'ன்னு கேட்டு மூணுக்கு மூணுன்னா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு நடுத்தெருவில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன்.

"எல்லாரும் கேட்கறது எத்தனை ஓட்டு வேணும்னுதான்" என்றாள் டெஸா. "கேள்வி எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு யாரும் கேட்கறதில்ல."

டிசம்பர் இரண்டாம் திங்கட்கிழமை. பனி கணுக்கால் அளவு. வாரியம் வழக்கமாகக் கூடும் அறையில் இருபது நாற்காலி. மாலை ஆறரைக்கே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். லவோன் எல்லாரையும் உணவுக்கூடத்துக்கு மாற்றினார். கடைசியாக எண்ணியபோது நூற்று நாற்பது பேர். எங்கள் கால்பந்து அணி மொத்தமும் வந்திருந்தது. அவர்களிடம் நான் கெஞ்சவில்லை, மிரட்டினேன். கைப்பந்துப் பெண்கள் வந்திருந்தார்கள். விவசாயிகள் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அதை மறைக்கத் தேவையில்லை. மாமனும் மருமகளும் மோதிக்கொள்வதை எங்கள் ஊரில் வேறு எங்கே பார்ப்பது?

பேச விரும்புகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம். முதலில் டெஸா. எல்லாரும் இடி மின்னலை எதிர்பார்த்தார்கள். அவள் தாளைக்கூட எடுத்து வரவில்லை.

"சேர்மன் அவர்களே" என்று ஆரம்பித்தாள். மாமா என்று சொல்லவில்லை. "என் கட்டுரை வந்ததாலதான் இந்த வகுப்பு மூடப்பட்டதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அது எனக்குத் தெரியாது. உங்க மனசு எனக்குத் தெரியாது. ஆனா அது உண்மையா இருந்தா, தண்டிக்க வேண்டியது என்னை. மத்த ஆறு பேரை இல்ல. நான் வேணும்னா ஜனவரியிலேர்ந்து படிப்புக் கூடத்துல உட்கார்ந்துக்கறேன். அவங்களுக்கு வகுப்பு நடக்கட்டும். அவ்வளவுதான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டாள். இதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. யெசேனியா அவள் கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள்.

பிறகு நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. எண்பத்தொன்று என்ற எண் மட்டும் பல தடவை வந்ததாகச் சொன்னார்கள்.

மூன்றாவதாக எழுந்தவரை யாருமே எதிர்பார்க்கவில்லை. யெசேனியாவின் அம்மா, மாரிசெலா. ஆலை வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். முடியில் வலை கட்டியிருந்த தடம் நெற்றியில் இன்னும் இருந்தது. அவர் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல யெசேனியா மொழிபெயர்த்தாள்.

"நான் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிச்சேன். நூறு கேள்வி. எனக்குப் புத்தகம் படிச்சா தூக்கம் வந்துடும். என் பொண்ணு பெட்டி நிறைய அட்டை வச்சிருக்கா. ராத்திரி சோறு பொங்கும்போது அவ ஒவ்வொண்ணா எடுத்துக் கேட்பா, நான் சொல்வேன். தப்பாச் சொன்னா, 'அம்மா, செனட்டர் எத்தனை வருஷம்? மறுபடி சொல்லு'ன்னு அதட்டுவா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. யெசேனியா, தான் அம்மாவை அதட்டியதைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்ததில் காது சிவந்து நின்றாள்.

"அக்டோபர்ல ஒமாஹாவுல அதிகாரி என்கிட்டக் கேட்டார். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பில்ல. போன வெள்ளிக்கிழமை கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன். இது நான் குடிமகளா வந்து பேசுற முதல் கூட்டம்." இந்த இடத்தில் அவர் நிறுத்தினார். யெசேனியாவும் நிறுத்தினாள். பிறகு இருவரும் தொடர்ந்தார்கள். "இந்த ஏழு பேர் படிக்கிற பாடம் ஏழு பேரோட நிக்கலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. டுவேன் சுத்தியலைத் தட்ட வேண்டியிருந்தது. ஆனால் மெதுவாகத்தான் தட்டினார்.

"ஓட்டுக்கு விடுறேன்" என்றார். "தீர்மானம்: ஏ.பி. அரசாங்க வகுப்பை நிறுத்துவது. லவோன், பேரைக் கூப்பிடுங்க."

முதல் இருவரும் ஆமாம் என்றார்கள். மூன்றாவது கால்நடை மருத்துவர் மூர்ஹெட். "இல்லை." நான்காவது, வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்காலியில் நெளிந்தார். நூற்று நாற்பது பேரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இல்லை" என்றார். ஐந்தாவது டுவேன். அவர் மருமகளைப் பார்க்கவில்லை. "ஆமாம்."

மூன்றுக்கு இரண்டு. கடைசியில் வெர்ல் ஹின்ட்ஸ். எண்பது நெருங்கும் விவசாயி. வாரியத்தில் பதினாறு வருடமாக இருக்கிறார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. கையைத் தூக்குவார், இறக்குவார். லவோன் பேரைக் கூப்பிட்டார். வெர்ல் மேசைக்கு அந்தப் பக்கம் மாரிசெலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செனட்டருக்கு எத்தனை வருஷம்?" என்றார்.

யெசேனியா மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மாரிசெலா ஆங்கிலத்திலேயே சொன்னார். "ஆறு."

வெர்ல் தலையாட்டினார். "எனக்கு நாலுன்னு நினைப்பு" என்றார். "என் ஓட்டு, இல்லை."

உணவுக்கூடம் அதிர்ந்தது. டுவேன் மறுபடி தட்டினார். "மூணுக்கு மூணு. சமம். அப்போ எந்த மாற்றமும் இல்லை. போன மாசத்து முடிவே நிக்கும்."

சத்தம் அப்படியே அடங்கியது. மூர்ஹெட் டாக்டர்கூடக் குழம்பிப்போய் லவோனைப் பார்த்தார். பின்வரிசையில் ஆட்கள் கோட்டை மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

டெஸா எழுந்தாள்.

"ஆட்சேபிக்கிறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போன மாசத்து முடிவு செல்லாதுன்னு உங்க வழக்கறிஞரே எழுதிக் கொடுத்துட்டார். அது இப்போ இல்லவே இல்லை. இன்னிக்கு உங்க முன்னால இருந்தது ஒரே கேள்வி, வகுப்பை நிறுத்தலாமா? மூணுக்கு மூணு. தீர்மானம் தோத்துப்போச்சு. வகுப்பு நடக்குது."

டுவேன் லவோன் பக்கம் திரும்பினார். லவோன் ஏற்கெனவே கடிதத்தை எடுத்து வைத்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வழக்கறிஞரின் இரண்டு பத்தியையும், பிறகு நிரலில் இருந்த வரியையும், அவசரமே இல்லாமல், சத்தமாகப் படித்தார். நாற்பது வருடத்தில் அவர் அவ்வளவு ரசித்துப் படித்த குறிப்பு வேறு இருந்திருக்காது.

டுவேன் ஸ்டோக்கெல் அந்தத் தாளைத் தானும் வாங்கிப் படித்தார். விரலை வரியின் கீழே வைத்துப் படித்தார். அவர் கழுத்து சிவந்தது. பிறகு நிமிர்ந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மனிதர் ஒரு நொடிகூடச் சப்பைக்கட்டு கட்டவில்லை.

"மாணவி சொல்றது சரி" என்றார். "தீர்மானம் தோற்றது. வகுப்பு தொடரும்." சுத்தியலை ஓங்கி ஒரே தட்டு.

என்ன நடந்தது என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கால்பந்து அணி மேசைகளைத் தட்டியது. யாரோ மாரிசெலாவைக் கட்டிக்கொண்டார்கள். மிஸ் ருஸ்காம்ப், ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து, கைப்பந்துப் பயிற்சியில் கத்துகிற கத்தலைக் கத்தினார். நான் டெஸாவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துவிட்டேன். அவள் என் தலையில் அடித்து, "இறக்கு டேய், கூட்டம் இன்னும் முறைப்படி முடியலை!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெளியே பனியில் வண்டிகள் கிளம்பும்போது டுவேன் எங்கள் பக்கம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார்.

"அந்த வரியை மாத்தச் சொன்னது நீதானே?"

"ஆமாம் மாமா."

"நான் பார்த்தேன். பார்த்துட்டுச் சரின்னு விட்டுட்டேன்." அவர் மூச்சு புகையாக வந்தது. "கோபத்துல ஓட்டுப் போட்டேன் நவம்பர்ல. அதை உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். இன்னிக்குக் கோபத்துல போடலை. ஏழு பேருக்கு ஒரு ஆசிரியர்ங்கிறது அதிகம்னு இன்னமும் நினைக்கிறேன்."

"அது நியாயமான வாதம்" என்றாள் டெஸா. "அதை நிரல்ல போட்டுப் பேசுங்க. நான் வந்து பதில் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டார். அவளும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் வந்தார். ஜனவரியிலிருந்து வாரியம் நடைபாதையில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டது. கூட்டம் ஒன்றரை மணி நேரம் இழுத்தது. டெஸாவால் தங்கள் திங்கட்கிழமை போச்சு என்று ஊரே புலம்பியது.

நாங்கள் படித்தோம். சும்மா இல்லை. இந்த வகுப்பை இத்தனை பேர் முன்னால் காப்பாற்றிவிட்டு, மே மாதம் கோட்டை விட்டால் ஊருக்குள் நடமாட முடியுமா? யெசேனியாவின் அட்டைகள் நானூறைத் தாண்டின. நான் அவற்றை டிராக்டரில் ஒட்டி வைத்துப் படித்தேன். பரீட்சையைக் குத்துச்சண்டை அளவுக்கு வியர்த்து எழுதினேன்.

முடிவு வந்தது ஜூலையில். அப்போது நாங்கள் மூவரும் விதைச்சோள வயலில் இருந்தோம். கோடை வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்யும் வேலை, வரிசை வரிசையாக நடந்து மக்காச்சோளத்தின் உச்சிப்பூவைப் பிடுங்கிப் போடுவது. காலை ஏழு மணி. பனி சொட்டும் இலைகள், தலைக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் பயிர், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும்.

முதலில் எங்கோ இடது பக்கத்திலிருந்து யெசேனியாவின் அலறல். "அஞ்சு! அஞ்சு! மிஸ்ஸுக்கு யாராவது சொல்லுங்க, அஞ்சு!"

நான் கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு போனைத் தேடினேன். திரை முழுக்கத் தண்ணீர். சட்டையில் துடைத்தால் சேறு. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை திறந்தது.

"டேரன்?" நாலைந்து வரிசை தள்ளி டெஸாவின் குரல். "டேய், உயிரோட இருக்கியா?"

"உனக்கு எவ்வளவு?"

"அஞ்சு. உனக்கு?"

நான் மறுபடி பார்த்தேன். எண் மாறவில்லை. பிறகு வயல் முழுக்கக் கேட்கும்படி, பாட்டுக்குழு கேட்டிருந்தால் என்னை உடனே சேர்த்துக்கொண்டிருக்கும் குரலில் கத்தினேன்.

"நாலு!"

இலைகளை விலக்கிக்கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் அவர்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது.